தாத்தாவும் நானும் நரசிம்மரும்

இந்தக் கட்டுரைக்கு முதல் காரணம் நமது கம்யூனிகேஷன் பிராக்டிகல்தான். ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று சீட்டுக் குலுக்கி எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு ‘கிரிக்கெட்’ வந்தது. கொடுத்து வைத்தவன்! எனக்கு வந்த சீட்டில் ‘வெரோனாவில் ஒரு விடுமுறை’ என்று இருந்தது. அம்பத்தூரில் ஏறி ஆவடியில் இறங்குவதையே பயணம் என்று நினைத்துக் கொண்டிருப்பவன் நான். வெரோனா எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்றே தெரியாது.

நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். இத்தாலியில் உள்ள ஊர். நடுவில் ரோமானியர் கட்டிய பிரம்மாண்டமான கல் அரங்கம் ஒன்று, வயது ஏறக்குறைய இரண்டாயிரம். வெர்டி என்ற இசைமேதை பிறந்து நூறு வருஷம் ஆனதைக் கொண்டாட 1913-ல் அங்கே அவருடைய ‘ஐடா’வை நடத்தினார்கள். அது ஒரு ஆபரா. அதாவது பேசுவதெல்லாம் பாட்டாகவே இருக்கும் நாடகம். அன்று தொடங்கியதுதான் இன்றைக்கும் கோடையில் நடக்கும் ஆபரா விழா. இரவில் திறந்த வானத்தின் கீழே பாட்டு. பகலில் வந்தவர்கள் பக்கத்திலுள்ள வல்பொலிசெல்லா குன்றுகளுக்குப் போய்த் திராட்சைத் தோட்டம் பார்க்கிறார்கள். அங்கே ‘அமரோனே’ என்ற ஒயினுக்காகப் பழத்தைப் பறித்தவுடன் பிழியாமல், மாதக்கணக்கில் பரப்பி வைத்து, பாதி உலர்ந்த பிறகுதான் பிழிவார்களாம்.

பேசி முடித்துவிட்டேன். மார்க் எவ்வளவு என்பது இங்கே வேண்டாம். விஷயம் அதற்கு முந்தைய நாள் ராத்திரி வீட்டில் நடந்தது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் நான் சத்தம் போட்டுப் படித்தால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கேட்பார்கள்! அன்றைக்கு தாத்தா, “என்னடா அது, தமிழ்ல சொல்லு” என்றார். சொன்னேன். பழத்தைக் காய வைக்கும் இடத்தில், “அழுகிடாதா?” என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “இதுக்கு எதுக்குடா அவ்ளோ தூரம்? ராத்திரி பூராவும் பாட்டுக் கூத்து, விடிஞ்சா கொடிக்கால். சின்ன வயசுல நான் செஞ்சதுதானே!” என்றார்.

தாத்தாவுக்கு ஊர் பாபநாசத்தை அடுத்த பண்டாரவாடைப் பக்கம். தஞ்சாவூர் ஜில்லா. எஸ்டேட்டில் கம்பெனிகள் பெருகிய காலத்தில் மூட்டை தூக்க அம்பத்தூர் வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். அதற்கு முன்னால் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் மெலட்டூர். வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நடக்கும். பிரகலாதன் கதை முக்கியமான நாடகம். பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை தாத்தா ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை.

“ஆனா ஒண்ணுடா. தூண் பொளக்கிறதை மட்டும் நான் பார்த்ததே இல்ல.”

ஏன் என்று கேட்டேன். நரசிம்மர் வருவது விடியற்காலையில். கொடிக்காலில் இலை கிள்ளுவதும் விடியற்காலையில். வெயில் ஏறுவதற்குள் கிள்ளிக் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே இரண்யன் பிள்ளையை மிரட்டிக் கொண்டிருக்கும்போதே தாத்தா எழுந்து போய்விடுவாராம். அத்தனை வருஷமும் பாதி நாடகம்! எழுபத்தாறு வயது மனுஷர் இதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. பீடியைத் தேடிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

திராட்சை பார்க்க வேண்டுமென்றால் தேனி மாவட்டம் கம்பத்துக்கே போகலாம். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கம்பத்தில் தாத்தாவுக்கு என்ன வேலை? 2025 மே மாதம், செமஸ்டர் முடிந்த கையோடு, எழும்பூரில் அன்ரிசர்வ்டு பெட்டியில் நாங்கள் இருவரும் ஏறினோம். கும்பகோணத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்.

*

மெலட்டூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சையை நாயக்கர்கள் ஆண்டபோது அச்சுதப்ப நாயக்கர் இந்த ஊரை பாகவதர் குடும்பங்களுக்குத் தானமாகக் கொடுத்தார் என்கிறார்கள். அதனால் அச்சுதபுரம் என்றும் ஒரு பெயர். அரண்மனையில் தெலுங்கு செல்வாக்காக இருந்த காலம். அந்த வழியில் வந்த மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரிதான் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த நாடகங்களைத் தெலுங்கில் எழுதினார். தியாகராஜருக்கு மூத்தவர், ஆனால் அவர் காலத்திலேயே வாழ்ந்தவர். வெரோனாவுக்குக் குறிப்பெடுக்கும்போது, 1600-ல் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் ‘யூரிடிசே’ என்ற ஆபராவைப் போட்டார்கள் என்றும், இன்று முழுமையாகக் கிடைக்கும் ஆபராக்களில் அதுதான் பழசு என்றும் படித்தேன். ஏறக்குறைய அதே காலத்தில் அங்கே அவர்கள், இங்கே நாம்! இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்காது.

வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவிலேயே மேடை. டிக்கெட் கிடையாது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தார்கள். முதலில் கோணங்கி வந்து குதித்துச் சிரிக்க வைத்தான். பிறகு பிள்ளையார் முகமூடி போட்ட ஒரு சின்னப் பையன். அப்புறம் கட்டியக்காரன். ஒவ்வொரு பாத்திரமும் பாட்டோடுதான் உள்ளே வருகிறது. பெண் வேடமும் ஆண்கள்தான். பிரகலாதனின் அம்மா லீலாவதியாக வந்தவரை ஆண் என்று நம்ப எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

இங்கேதான் என் சொந்த விஷயம் ஒன்று வருகிறது. நமது வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. என் அம்மா ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரி. அம்மாவும் எங்களோடு இருக்கும் அம்மம்மாவும் தெலுங்கில்தான் பேசிக் கொள்வார்கள். நான் தமிழில்தான் பதில் சொல்வேன். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூட வாசலில் அம்மம்மா என்னைத் தெலுங்கில் கூப்பிட்டதை ஒருவன் கேட்டுவிட்டான். அடுத்த இரண்டு வருஷத்துக்கு எனக்கு ‘கொல்டி’ என்றுதான் பெயர். அதற்குப் பிறகு யாராவது கேட்டால் ‘எங்க வீட்ல தமிழ்தான்’ என்று சொல்லிவிடுவேன். அம்மம்மாவை ஸ்கூல் பக்கம் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவளும் வரவில்லை. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்றைக்கும் வரவில்லை.

மேடையில் பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தாத்தா என் தொடையைத் தட்டி, “என்னடா சொல்றான்?” என்றார். அத்தனை வருஷம் பார்த்தவருக்குக் கதை தெரியும், வார்த்தை தெரியாது. எனக்கும் பெரும்பாலும் புரியவில்லை. ஒரே சமஸ்கிருதம் கலந்த தெலுங்கு. ஆனால் நடு நடுவே ஒரு ‘எக்கட’, ஒரு ‘ஒத்து’, ஒரு ‘நாயனா’ என்று வீட்டு வார்த்தைகள் தலை காட்டின. கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது! “எங்கேன்னு கேக்கறான் தாத்தா.” “வேணாங்கறா.” என் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் திரும்பி, “தம்பிக்குத் தெலுங்கு தெரியுமா? கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன்” என்றார்.

ஒரு கட்டத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அம்பத்தூருக்குப் போன் போட்டேன். மணி பதினொன்றரை. அம்மம்மா தூங்கவில்லை. போனை மேடைப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இது புஸ்தகத் தெலுங்குடா, நமக்கு எங்க முழுசாப் புரியும்?” என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. லீலாவதி பிள்ளையை அணைத்துக் கொண்டு பாடிய இடத்தில் அவளாகவே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொன்னதை நான் தாத்தாவுக்குச் சொன்னேன். தாத்தா முன்னால் இருந்த அம்மாவுக்குச் சொன்னார். அந்த அம்மா அடுத்தவருக்குச் சொன்னார். சார்ஜ் ஒரு மணிக்குத் தீர்ந்துவிட்டது.

மூன்றரை மணிக்கு நான் தூங்கிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்! முழங்காலில் தலையை வைத்துத் தூங்கியவனை தாத்தா உலுக்கினார். “எந்திரிடா. நான் எப்பவும் எந்திரிச்சுப் போற நேரம் இது.” போகத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தூக்கக் கலக்கத்தில் பையை எடுத்தேன். “அட உட்காருடா” என்றார்.

நரசிம்மர் வந்தார். அந்த முகமூடி நாடகச் சாமான் அல்ல, கோயிலில் வைத்துப் பூஜை செய்வது. அதை அணிபவர் விரதம் இருந்துதான் அணிகிறார். ஆவேசம் வந்து அவர் முன்னால் பாய, நாலைந்து பேர் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. கூட்டமே எழுந்து நின்றுவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாத்தா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். முன்னால் நிற்பவர்கள் மறைக்கிறார்களே என்று, “எந்திரிங்க தாத்தா, தெரியாது” என்று கையைப் பிடித்தேன். “தெரியுதுடா” என்றார். என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

*

விடிந்ததும் பண்டாரவாடை. தாத்தா வேலை பார்த்த கொடிக்கால் இப்போது இல்லை. சுற்று வட்டாரத்தில் ராஜகிரி, ஐயம்பேட்டை என்று இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஒன்றின் வேலியருகே நின்று தாத்தா விசாரித்தார். உள்ளே விட்டார்கள். நான் செருப்போடு காலை வைக்கப் போக, “கழட்டு!” என்று ஒரே அதட்டல். கொடிக்காலுக்குள் செருப்புப் போடக் கூடாதாம்.

உள்ளே ஏ.சி. போட்ட மாதிரி இருந்தது. முதலில் அகத்தியை வளர்த்து, அது ஓரளவு எழும்பியதும் அடியில் வெற்றிலைக் கொடியை நடுகிறார்கள். கொடி ஏற ஏற அகத்தியோடு சேர்த்துக் கட்டி விடுகிறார்கள். ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ படித்த நான் எத்தனையோ தாங்கு தூண் பார்த்திருக்கிறேன், சுமையோடு சேர்ந்து தானும் வளருகிற தூணை இங்கேதான் பார்த்தேன். நிழல் கொடுப்பதும் அதே அகத்திதான். பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால், அதில் தண்ணீர். ஆட்கள் அதற்குள் நடந்துதான் இலை கிள்ள வேண்டும். கொடி வயதாகி உயரே போனதும் அதை இறக்கி, சுருட்டி, மண்ணில் புதைத்துவிட, அது மறுபடி துளிர்த்து ஏறுகிறது.

நேற்றிரவு நான் மொழிபெயர்ப்பாளன், இங்கே தாத்தா. இது கொழுந்து, இது முற்றல், இந்த இலை வாடியிருந்தால் வேரில் நோய் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு ஆள் கிள்ளுவதைப் பார்த்துக் கொண்டிருந்தவர், கேட்காமலே தானும் கிள்ள ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் காப்பி டம்ளரையே இரண்டு கையால் பிடிக்கிற கை அது. இலைக்குமேல் இலை அடுக்கிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தி, “கவுளி” என்றார். கவுளி என்றால் நூறு. நான் எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. “கண்ணு போச்சு” என்றார் தாத்தா.

கும்பகோணம் வெற்றிலைக்கும் அந்த 2025-ம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. அங்கிருந்தவரிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். “சொன்னாங்க தம்பி. கிள்ள ஆள் கிடைக்கல, அதுக்கு ஏதாவது குறியீடு இருக்கா?” என்றார்.

ஈரத் துணியில் சுற்றிய அந்த ஒரு கவுளியோடு (இரண்டு இலையை அவரே சேர்த்துக் கொடுத்தார்) மறுநாள் காலையில் வீடு வந்து சேர்ந்தோம். அம்மம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். வெற்றிலையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, போன் பாதியில் நின்றுபோனதே, நரசிம்மர் வந்தாரா என்று தெலுங்கில் கேட்டாள்.

“ஒச்சினாரு அம்மம்மா” என்றேன்.

உள்ளே தோசை ஊற்றிக் கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைத் தடவி, வாயில் போட்டு மென்ற பிறகு என் உச்சரிப்பைத் திருத்தினாள்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்