இரண்டாவது கம்பி

நன்மையென்று கருதி நம் கையாலேயே நாம் வருவித்துக்கொள்ளும் தொல்லைகள் உண்டு. அப்படியொன்றைச் சென்ற மழைக்காலத்தில் நானே வருவித்தேன்.

கீரிப்பாறையில் ரப்பர் மரங்கள் சூழ்ந்தது எங்கள் மதரஸா. அங்கும் அடுத்த வீட்டிலும், காற்றின் வழியே ஒன்றோடொன்று இணையும் இரு மெஷ் வைஃபை கருவிகளை வைத்திருந்தோம். வளைகுடாவில் உழைக்கும் மகனின் முகத்தை அவ்வீட்டு உம்மா இரவுதோறும் அதில்தான் காண்பார்.

மழையில் காற்றுவழி தளர்ந்தது. 'ஒரு கம்பியும் இருக்கட்டுமே' என்று இரு கருவிகளையும் கேபிளால் இணைத்தேன். சற்று நேரத்தில் விளக்குகள் ஓயாமல் துடித்தன; இணையம் அடியோடு நின்றது. மகனின் அழைப்பு வராததால் உம்மா விடியும்வரை உறங்கவில்லை. காலையில் வந்து பார்த்த தம்பி, "வட்டம் போட்டுட்டீங்க, ஹஜ்ரத்" என்று கேபிளைக் கழற்றினார். யாவும் சீராயின.

நடந்தது என்ன? 'எல்லோருக்கும்' என்று ஒரு கருவி அனுப்பும் செய்தி கம்பியில் சென்று, காற்றில் திரும்பி, மீண்டும் கம்பியில் ஏறுகிறது. ஊர்விட்டு ஊர் செல்லும் இணையச் செய்திக்கு ஆயுள் எண் உண்டு; ஒவ்வொரு நிலையத்திலும் ஒன்று குறைந்து, முடிவில் மடியும். வீட்டு வலைக்குள் சுழலும் செய்திக்கு அந்த எண் இல்லை. அது சுழன்று, பெருகி, வழியை அடைத்துவிடும். 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையே இவ்வகைக் குழப்பத்தில் சிக்கி, சில நாட்கள் காகிதத்தில் எழுதிப் பணிபுரிந்தது.

இதற்குத் தீர்வை 1985-இல் ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி அளித்தார். கருவிகள் தமக்குள் பேசி ஒரு தலைமையைத் தேர்ந்து, மரத்தின் கிளைகள்போல் ஒவ்வொன்றுக்கும் ஒரே வழியைத் திறந்து வைக்கும். மிகுதியானது மூடிக் காத்திருக்கும். திறந்த வழி அறுந்தால் காத்திருந்தது திறக்கும்.

ஆனால் மெஷ் வலையின் காற்றுவழிகள் கணந்தோறும் மாறுபவை. அங்கே இம்முறை மட்டும் போதாது. பெர்லின் நகரின் ஃபிரைஃபுங்க் தன்னார்வலரிடையே பிறந்த 'பேட்மேன்' முறையில், ஒரே கம்பியில் சேர்ந்த மெஷ் கருவிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். மெஷ் வழியே வரும் ஒவ்வொரு கணினிக்கும் அவற்றுள் ஒன்றே பொறுப்பேற்கும். மற்றது அதன் 'எல்லோருக்கும்' செய்தியைக் கடத்தாது.

ஆகவே, இரண்டாவது கேபிளைச் செருகுமுன் உங்கள் கருவியில் வட்டத் தடுப்பு வசதி உண்டா, அது இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையேல் கம்பியோ காற்றோ, ஒன்றே போதும்.

உம்மாவிடம் வருத்தம் தெரிவித்தேன். "மவன் நல்லா இருக்கான்லா, அது போதும் ஹஜ்ரத்" என்றார். அந்தக் கேபிள் இப்போது என் அலமாரியில் சுருண்டு கிடக்கிறது.