குடத்துக்குள் விழாத பெயர்கள்

அக்கா ஒரு கல்லூரியில் வரலாறு எடுக்கிறாள். "பசங்க போனைத்தான் பாக்குறாங்க, அதுலயே ஏதாவது செஞ்சு குடுடா" என்றாள். முதலில் ஒரு க்விஸ் செயலி செய்தேன். வேகமாகத் தொட்டால் கூடுதல் மதிப்பெண். வகுப்பே அதிர்ந்தது. பதிவுகளைப் பார்த்தால், கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே பலரும் பதில் தொட்டிருந்தார்கள்.

அடுத்து உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் அங்கே கல்லில் இருக்கின்றன. 919இல் வெட்டியதை 921இல் திருத்திவிட்டார்கள் (ரெண்டே வருஷத்தில் வெர்ஷன் 2!). மாணவர்கள் போனில் ஓலை போட வேண்டும், செயலி விதிகளைச் சரிபார்க்கும். வயது 35 முதல் 70. வரி கட்டும் கால்வேலி நிலம். சொந்த மனையில் வீடு. வேதப் பயிற்சி. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது. திரையில் பெயர் வராது, எண்ணிக்கை மட்டும்தான். அதையாவது யோசித்திருந்தேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வயதிலேயே மொத்த வகுப்பும் அவுட். ஒரே சிரிப்பு. "சரி, அப்பாவுக்காகப் போடுங்க" என்றாள் அக்கா. நிலத்தில் பாதிக்கு மேல் போனது. வேதத்தில் மிச்சமும். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இதைத்தானே மேம் ஸ்கூல்ல ஜனநாயகம்னு படிச்சோம்?" என்றாள் ஒரு பெண்.

செயலியில் நான்கு பட்டன்கள், நான்கும் பதில்களுக்கு. கேள்வி கேட்க நான் இடமே வைக்கவில்லை. அக்கா சாக்பீஸை எடுத்து அந்தக் கேள்வியைப் போர்டில் எழுதினாள். "அது பிரம்மதேய ஊர், சதுர்வேதிமங்கலம். சபைன்னா அங்க யாரோட சபை?" என்று ஆரம்பித்தாள். மணி அடித்தும் வாக்குவாதம் நிற்கவில்லை. என் லேப்டாப்பில் ஆக்டிவ் யூசர்ஸ் பூஜ்யம்.