தண்ணீர்மேல் ஒரு திண்ணை

யாரையும் சுட்டாமல் பொதுவாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, மறையுரையில் ஒரு குடும்பத்தின் நெஞ்சிலேயே கல்லெறிந்துவிட்ட அனுபவம் குருக்களாகிய எங்களுள் பலருக்கு உண்டு. எனக்கு அது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், நான் பங்குப்பணி ஆற்றிய ஒரு சிற்றூரில் நேர்ந்தது.

2019 ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிறு. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அறிவற்ற செல்வனின் உவமை அன்றைய நற்செய்தி. உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்றைத் தேடிய நான், ஆண்டில் பாதிக்கு மேல் வீட்டு முற்றங்களில் மூடிக் கிடக்கும் உல்லாசப் படகுகளைக் கையில் எடுத்துக்கொண்டேன். குமரிக் கடற்கரையில் பிறந்தவன் நான். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் எங்கள் கரையிலிருந்து கொண்டுபோனவர்களின் முகங்கள் அப்போதும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. மீன் பிடிக்காத படகு எதற்கு என்று சற்றுக் காரமாகவே கேட்டேன். பலர் சிரித்தார்கள்.

பூசை முடிந்ததும் பங்கு மக்களுள் ஒருவர் வந்தார். ஐம்பதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். "ஃபாதர், வியாழக்கிழமை ஓய்வாக இருப்பீர்களா? பழைய பான்டூன் படகு ஒன்று வாங்கப் போகிறேன். இழுத்து வரும்போது பின்னால் ஒரு காரில் யாராவது பார்த்துக்கொண்டே வந்தால் நல்லது" என்றார். குத்திக் காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. மறுக்க நாணி ஒப்புக்கொண்டேன்.

பான்டூன் என்பது இன்னதென்று நம் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். காற்றடைத்து மூடிய இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்கள். அவற்றின்மேல் ஒரு தட்டையான பலகைத் தளம். சுற்றிலும் கைப்பிடிக் கம்பி. அமர மெத்தை இருக்கைகள். மேலே துணிப் பந்தல். தண்ணீர்மேல் மிதக்கும் திண்ணை என்றால் பொருந்தும். 1952-இல் இதே மினசோட்டாவில், ரிச்மண்ட் என்னும் ஊரருகே, ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களை இரு வரிசையாக ஒட்டவைத்து, மேலே மரத்தளம் பரப்பி முதலில் செய்தாராம். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'பேரரசி'. பீப்பாய்மேல் பலகை போட்டதற்கு அந்தப் பெயர்! ஆனால் சிரிக்க எனக்கு உரிமையில்லை. மரங்களைக் கயிற்றால் கட்டியதைக் கடலில் தள்ளி ஏறிச் சென்றவர்கள் எங்கள் முன்னோர். நம் கட்டுமரத்தின் பெயர்தான் ஆங்கிலத்தில் 'காட்டமரான்' ஆகி உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அறுபது மைல் தொலைவில், ஒரு வீட்டின் பின்புறம், டிரெய்லர்மீது படகு நின்றது. 22 அடி நீளம், எட்டரை அடி அகலம். நண்பர் மண்டியிட்டுக் குழாய்களின் ஒட்டுகளை விரலால் தடவினார். அடைப்பைத் திறந்து உள்ளே நீர் புகுந்திருக்கிறதா என்று பார்த்தார். தளத்தின் மூலைகளைக் குதிகாலால் அழுத்தி, அடிப்பலகை உளுத்திருக்கிறதா என்று சோதித்தார். இவையெல்லாம் எனக்கு விளங்கின. எங்கள் ஊரில் பழைய வள்ளம் வாங்குகிறவர்களும் இப்படித்தான் தட்டித் தடவிப் பார்ப்பார்கள். ஆனால் அவர் நாடாவை எடுத்துப் படகின் வாயிற்கதவை அளந்தது எனக்கு விளங்கவில்லை. 32 அங்குலம். மறுபடியும் ஒரு முறை அளந்துவிட்டுத்தான் விலையைப் பேசினார்.

கடலோடியின் மகன் என்ற என் பெருமை டிரெய்லரைப் பூட்டியபோது அடங்கியது. நீரில் செல்லும் படகை நான் அறிவேன். சாலையில் செல்லும் படகை அறியேன். மொத்தப் பாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு முன்புறக் கொக்கியின்மேல் அழுந்த வேண்டுமாம்; பின்புறம் கனத்துவிட்டால் டிரெய்லர் நாய்வால்போல் ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையே பள்ளத்தில் தள்ளிவிடுமாம். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டினார். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அவை தொட்டில்போல் தாங்கிக்கொள்ளும். காற்றுப் பிடிக்காதபடி பந்தலை மடக்கிக் கட்டினார்.

நான் பின்னால் என் காரில் சென்றேன். இருபுறமும் மக்காச்சோளக் காடு. எதிரே பெரிய லாரி ஒன்று வரும்போதெல்லாம் அந்தத் திண்ணை ஒருமுறை சிலிர்த்து அடங்கும். என் வயிறும் கூடவே சிலிர்க்கும். பத்து மைல் சென்றதும் அவர் வண்டியை நிறுத்தி, டிரெய்லர்ச் சக்கரங்களின் நடுக்குடத்தைத் தொட்டுப் பார்த்தார். கை பொறுக்காத சூடென்றால் உள்ளே மசகு வற்றி உருளைகள் தேய்கின்றன என்று பொருளாம். பாதி வழியில் பின்மூலை வார் ஒன்று தளர்ந்து படபடப்பதைக் கண்டு நான் விளக்கைச் சிமிட்டினேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

பெட்ரோல் நிலையம் ஒன்றில் வாரை இறுக்கிக்கொண்டே, என்னைப் பாராமல் அவர் சொன்னார்: "அப்பாவுக்கு 86 வயது. பக்கவாதத்திற்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். அந்த ஏரிக்கரையிலேயே பிறந்தவர். சாதாரணப் படகில் அவரை இறக்க முடியாது. இதன் தளம் துறைமேடைக்குச் சமமாக நிற்கும். நாற்காலியோடு உருட்டி ஏற்றிவிடலாம்."

வாயிற்கதவை அளந்தது ஏனென்று அப்போதுதான் தெரிந்தது.

சற்று நேரம் கழித்து, "ஞாயிறன்று காரில் என் மனைவி அழுதாள். படகு வேண்டாம் என்றாள்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன சொல்ல? "நீங்கள் சொன்னது பொய்யில்லை, ஃபாதர். எங்கள் தெருவில் தண்ணீரைத் தொடாத படகு மூன்று நிற்கிறது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை என்னை மேலும் சுட்டது.

சனிக்கிழமை படகை ஏரியில் இறக்கினார்கள். சாய்தளத்தில் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்குவது ஒரு தனிக் கலை. வண்டியை ஒரு பக்கம் ஒடித்தால் டிரெய்லர் மறு பக்கம் போகும். ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் போகவேண்டிய திசையிலேயே கையை நகர்த்த வேண்டும் என்று காத்திருந்த ஒருவர் கற்றுக்கொடுத்தார். நான்காம் முறை நேராக இறங்கியது. குழாய்கள் மிதந்தெழுந்த அந்த நொடியில், அத்தனை நேரம் முரண்டு பிடித்த பாரம் ஒரு சிறுவன் கயிற்றைப் பிடித்து நடத்துமளவு இலேசாகிவிட்டது.

பெரியவருக்கு மிதவைச் சட்டை அணிவித்து, தளத்தின் நடுவே நிறுத்தி, நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டினார்கள். ஏரியின் நடுவில் பொறியை அணைத்ததும் அவர் கரையைச் சுற்றி மெதுவாகத் தலையைத் திருப்பினார். பிறகு, குழறும் நாவால், உன் தந்தையின் படகு எப்படிப்பட்டது என்று என்னைக் கேட்டார். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவோம், மறுபடி போகும்போது மறுபடி கட்டுவோம் என்றேன். "ஒவ்வொரு முறையும் படகையே பிரித்துவிடுவீர்களா?" என்று கேட்டு, பாதி முகத்தால் சிரித்தார்.

சீமோனின் படகில் ஆண்டவர் முதலில் அமர்ந்தபோது அது மீன் பிடிக்கப் போகவில்லை, கரையிலிருந்து சற்றே விலகி நின்றது என்பது அங்கே நினைவுக்கு வந்தது. எத்தனை முறை வாசித்த பகுதி!

அன்றிரவு ஊரிலிருக்கும் அண்ணனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"என்ன மீன் பட்டது?" என்றார்.

"மீனுக்குப் போகவில்லை அண்ணே. ஒரு பெரியவரை ஏரி பார்க்கக் கூட்டிப் போனோம்."

சிறிது நேரம் பேச்சில்லை. எங்கள் தந்தை கால் விழுந்து கிடந்த கடைசி இரண்டு ஆண்டுகளும், அலையோசை கேட்கும் தூரத்தில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்.

"அப்பாவை நாம ஒரு நாள்கூட சும்மா கடலுக்குக் கூட்டிப் போகலையே, தம்பி" என்றார் அண்ணன்.

அக்டோபரில், ஏரி உறையுமுன், படகை மேலேற்றி முற்றத்தில் நிறுத்தினார்கள். போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள என்னையும் அழைத்தார்கள். போனேன். சன்னலுக்கு உள்ளேயிருந்து பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார்.