விஸ்கி பீப்பாயில் ஒரு கத்திப்பிடி

அமெரிக்கக் கத்திப் பிரியர்கள் மடக்குக் கத்தியைத் தனியாக வைத்துப் படம் எடுப்பது அபூர்வம். பக்கத்தில் ஒரு கிளாஸ் பர்பன் விஸ்கியோ நுரை தளும்பும் பீரோ இருந்தாக வேண்டும்.

வெறும் பந்தா என்று ஒதுக்க முடியாது. அமெரிக்கச் சட்டப்படி, பர்பனை உட்புறம் கருக்கிய புது ஓக் மரக் கலனில்தான் ஊறவைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடி பர்பனுக்கு ஆகாது. அப்படிக் கழிந்தவற்றில் ஏராளமானவை ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. சில மட்டும் அறுபட்டு, இழைக்கப்பட்டு, கத்திப்பிடியாகின்றன. குடித்த விஸ்கியின் பீப்பாயையே கையில் பிடித்திருப்பதில் கத்திப் பிரியர்களுக்கு அப்படியொரு குஷி!

பீரின் உறவு வேறு. 1892-இல் பால்டிமோரின் வில்லியம் பெயின்டர் பாட்டிலை அடைக்கும் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். அதைத் திறக்கும் கொக்கி பின்னாளில் சுவிஸ் கத்திக்குள்ளும் குடியேறியது.

கத்தியின் அலகுக்கும் இதில் பங்குண்டு. பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் இயங்கும் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி நிறுவனத்தின் கத்திகள் பெரும்பாலும் 1095 கார்பன் எஃகு. பானத்துக்கு எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் விட்டால், அலகில் நீலச் சாம்பல் படலம் ஏறும். வீட்டில் உள்ளவர்கள் கறை என்பார்கள், சேகரிப்பாளர் அதைத்தான் பெரிதாக்கிப் படம் பிடிப்பார்.