சும்மா கிடக்கும் யந்திரம்

உழைத்துத் தேய்ந்த யந்திரத்தைக் காட்டிலும் ஓய்ந்து கிடந்த யந்திரமே அதிகத் தொல்லை கொடுக்கும். பழவேற்காட்டு ஏரியில் நாங்கள் உபாத்தியாயர்கள் நால்வர் சேர்ந்து ஒரு சிறு மோட்டார் படகு வைத்திருக்கிறோம். பள்ளி விடுமுறையில்தான் அதற்கு வேலை. தினந்தோறும் மீன் பிடிக்கச் செல்லும் படகுகள் உடனே கிளம்பிவிட, எங்கள் எஞ்சின் மட்டும் இரண்டு முறை இருமிவிட்டு மௌன விரதம் பூணும்.

காரணம் எளிது. மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களில் பிசின்போல் படிகிறது. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எரிசாராயம் நூற்றுக்கு 20 பங்கை எட்டியது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் மிகுந்தால் நீரோடு பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சின் பருகுவதோ அந்த அடிமண்டியைத்தான்!

ஆகவே, பழைய பெட்ரோலை வடித்துப் புதியது ஊற்றுங்கள். அடுத்து ஸ்பார்க் பிளக்கையும், பிறகு கார்புரேட்டரையும் சுத்தம் செய்யுங்கள். கிளம்பியபின் பக்கத்துத் துவாரத்திலிருந்து குளிர்நீர் பீச்சாவிட்டால் உடனே நிறுத்துங்கள். பம்பின் ரப்பர் விசிறி இறுகியிருக்கலாம். இந்தச் சோதனைகளெல்லாம் கரையோரத் தண்ணீரிலேயே நடக்கட்டும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடு ஏரியில் நிற்கும்போது காற்று நமக்காகக் காத்திராது. ஒரு துடுப்பும் படகில் இருக்கட்டும். அதற்கு அடிமண்டி பயமில்லை.