இராயனின் நாணயமும் யாழ்ப்பாணத்து முத்திரையும்

வரி செலுத்துதல் முறையோ அன்றோ என இயேசுவிடம் வினவியோர் விடை நாடி வந்தவரல்லர். அவரைச் சிக்கவைக்க வந்தவர். முறையென்றால் மக்கள் வெறுப்பர். அன்றென்றால் உரோம ஆட்சி தண்டிக்கும். அவரோ ஒரு நாணயத்தைக் கேட்டு, அதிலுள்ள உருவம் யாருடையதென வினவினார். இராயன் உருவம் தாங்கியது இராயனுக்கு உரியது என்பது அவர் விடையின் முற்பாதி. கடவுளுக்கு உரியது எது என்பதை அவர் விரித்துரைக்கவில்லை. மனிதன் கடவுளின் சாயலைத் தாங்கியவன். ஆதலின் பணம் அரசனுக்கு, மனிதன் கடவுளுக்கு எனப் பின்னாளில் தெர்த்துல்லியன் விளக்கினார்.

பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தில் அதிகாரத்துக்கு அடங்குதலும் வரி கொடுத்தலும் கடமைகளென வலியுறுத்தப்படுகின்றன. ஆயின், ஆள்வோர் மக்களின் நன்மைக்காகக் கடவுளுக்கு ஊழியஞ் செய்வோர் என்பதே அவர் காட்டும் காரணம். அக்காரணம் அற்றுப்போனவிடத்துக் கடமை எஞ்சுமா?

யாழ்ப்பாணத்தில் இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிற்று. அது நடைமுறைப்படுத்தப்பட்டதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் 1961 பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அமர்ந்தோருட் பெரும்பாலோர் சைவர், தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் கிறிஸ்தவர். ஏப்ரல் 14ஆந் திகதி அவர்கள் தமிழரசுத் தபாற் சேவையை ஆரம்பித்துத் தம் முத்திரைகளையும் வெளியிட்டனர்.

நாணயத்தின் உருவமே அளவுகோலாயின், முத்திரை வெளியிடுதல் இராயனின் உரிமையிற் கைவைத்தலாகும் என ஒரு கிறிஸ்தவர் வாதிடலாம். அவ்வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், கச்சேரியில் ஒருவன் தன் குறையை எடுத்துரைக்கும் மொழி எவருடைய அச்சில் வார்க்கப்பட்டது? அதனை எந்த அரசும் வழங்கவில்லை. தாயின் மடியிலிருந்தே அவன் அதனைப் பெற்றான். தான் கொடாததைத் திருப்பிக் கேட்கும் அரசு, தனக்குரிய வரியோடு பிறர்க்குரியதையும் கேட்கின்றது.

ஏப்ரல் 17ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. இராணுவம் சத்தியாக்கிரகிகளைக் கலைத்தது. தலைவர்கள் பனாகொடை முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். சட்டத்தை மீறியோர் வெளிப்படையாகவே மீறினர். அதன் விளைவையும் ஏற்றனர். கட்டளையை மறுத்தலும் தண்டனைக்கு உடன்படுதலும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்கலாம் என்பதை அவர்கள் காட்டினர். இராயனுக்குரிய நாணயத்தில் அவன் உருவம் தெளிவாகவே இருக்கின்றது. கடவுளுக்குரியதன்மேல் எழுத்தேதுமில்லை, அதனை அறிந்து கொடுப்போர் அதற்கான விலையையும் தாமே செலுத்தவேண்டியவராகின்றனர்.