பொன்னாச்சியின் அளத்தில்

நாவல் எழுதுவதென்று முடிவானால் ராஜம் கிருஷ்ணன் முதலில் பெட்டியைக் கட்டுவார். நீலகிரிப் படகர்களைப் பற்றிய 'குறிஞ்சித் தேன்' ஓரளவு வாழ்க்கையே கொண்டுவந்து கொடுத்தது. கணவர் மின்துறைப் பொறியாளர், மாற்றலாகிற ஊருக்கெல்லாம் இவரும் போனார். மற்றவை அப்படியில்லை. மீனவர்களுக்காக 'அலைவாய்க் கரையில்', சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காக 'கூட்டுக் குஞ்சுகள்', தூத்துக்குடி உப்பளத்துக்காக 'கரிப்பு மணிகள்' என்று தேடிப்போய் எழுதியவை. அதிகம் படிக்க வாய்ப்பில்லாமல், பதினைந்து வயதில் மணமாகிப்போன பெண் செய்த வேலை இது. நாமோ 'களப்பணி எழுத்தாளர்' என்று முத்திரை குத்தி ஓரமாக உட்கார வைத்துவிட்டோம்.

'கரிப்பு மணிக'ளை மறுபடி படித்தபோது அதன் நாயகி பொன்னாச்சி வேலை செய்த மாதிரியான அளத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தூத்துக்குடியில் தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் ஏற்பாடு செய்தார். விடியுமுன் வரச் சொன்னார். போனபோதே வேலை பாதி முடிந்திருந்தது.

உப்புநீர் தேங்கும் தெப்பத்திலிருந்து பாத்திக்குத் தண்ணீர் கட்டும் முறையை மேஸ்திரி நெடுநேரம் விளக்கினார். உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் பாமே டிகிரிக் கணக்கில் பாதிதான் என் தலையில் ஏறியது. 25 டிகிரியை ஒட்டி உப்பு உறையத் தொடங்கும். 29ஐத் தாண்ட விட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும், அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். இதற்குமேல் தெரிய விரும்புகிறவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

என் கண் உப்பு வாரும் பலகையில் இருந்தது. நீளமான கம்பு, நுனியில் குறுக்கே ஒரு மரப்பலகை. அவ்வளவுதான். பார்த்தால் யாரும் இழுக்கலாம் போலிருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா பாத்திக்குள் நின்று வாரிக்கொண்டிருந்தார். அவரிடம் "என்னக்கா கஷ்டம்?" என்று கேட்டேன். கூலி, குடிதண்ணீர், ஒதுங்க இடமில்லாதது, கண் கூசுவது என்று ஒப்பிப்பதுபோல் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் வந்த அதிகாரிகளுக்கும் நிருபர்களுக்கும் பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில். பிறகு, "பலகையை ஏன் சாய்ச்சுப் பிடிக்கிறீங்க?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அழுத்துனா அடிமண்ணு வந்துரும் தம்பி. உப்பு செவந்துபோச்சுன்னா சீந்த மாட்டான். மேலாக்கவே இழுத்தா பாதி உப்பு பாத்தியிலேயே கெடக்கும். தரை இருக்கது கைக்குத் தெரியணும்." கம்பை என்னிடம் கொடுக்கவில்லை. பாத்தி கெட்டுப்போகும் என்றார். கம்பில் அவர் கை படும் இரண்டு இடங்களும் வழுவழுவென்று கறுத்திருந்தன. அதன்பின் பேச்சு தானாக வந்தது: பருவம் தொடங்கும்போது பாத்தித் தரையை மிதித்து மிதித்து இறுக்கிய கதை, மாமியாரிடம் பலகை பழகியது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் தட்டுமேட்டில் குவித்த உப்பு அம்பாரம் கரைந்து போனது.

நாவலாசிரியன் ஆராய்ச்சிக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது. துயரத்தைக் கேட்டால் மனு கிடைக்கும். கருவியைக் கேட்டால் மனுஷி கிடைப்பாள். 'கரிப்பு மணிக'ளிலும் இந்த இரண்டும் கலந்தே கிடக்கின்றன. பாத்திரங்கள் நியாயம் பேசத் தொடங்கும் பக்கங்களில் ஆசிரியரின் குறிப்பேடு தெரிகிறது. உப்பு வெயிலில் கையும் காலும் உழைக்கும் பக்கங்களில் அது மறைந்துபோகிறது. மேற்பார்வை ஆண்களுக்கு அஞ்சி அஞ்சி ஒரு பெண் வேலைக்கு வரும் கலக்கம் நமக்கும் தொற்றுகிறது. முதல் வகைப் பக்கங்களைக் காட்டி இரண்டாம் வகையைத் தள்ளிவிடுகிற விமர்சனம் அநியாயம்.

ராஜம் கிருஷ்ணன் எழுதியதில் என்ன மாறியிருக்கிறது? லாரி வந்திருக்கிறது, பம்புசெட் வந்திருக்கிறது. மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும் மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் தருகிறது. மாதா மாதம் இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை. மீதி நாளுக்கு முன்பணம்தான் கதி. வாங்கியவர் அடுத்த பருவம் கொடுத்தவரிடமே வேலைக்குப் போயாக வேண்டும், கொடுத்தவர் சொல்வதே கூலி. அளத்தில் கிலோ சில ரூபாய்க்குப் போகிற உப்பு, பாக்கெட்டுக்குள் போய் கடைக்கு வந்ததும் முப்பது ரூபாயை நெருங்குகிறது. நடுவில் நிற்பவர்கள் யாரும் பாத்தியில் கால் வைத்தவர்கள் இல்லை. வெயிலில் நிற்பவருக்கு மிகக் குறைவு, நிழலில் நிற்பவருக்கு மிக அதிகம் என்ற இந்தக் கணக்கை எந்தக் கட்சியும் தொட்டுத் திருத்தவில்லை.

நாவல் எழுத நினைத்து உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விடியுமுன் போய்ச் சேருங்கள். பத்து மணிக்குப் போனால் உங்களோடு பேச மேஸ்திரிதான் கிடைப்பார்.